சமனை ஏற்காத சிவா

உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டியின் 14-ஆவது ஆட்டம் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நடைபெற்றது. 13 ஆட்டங்களின் முடிவில் சென்னையைச் சேர்ந்த குகேஷும், நடப்பு சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரெனும் தலா 6.5 புள்ளிகளுடன் இருந்தனர். அன்றைய ஆட்டத்திலும் காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, இறுதியில் இருவரிடமும் ஒரு கோட்டை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் மட்டுமே எஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. அந்த ஒரு சிப்பாயைக் கொண்டு வெல்ல இயலாது, ஆட்டம் சமனில்தான் முடியும் என்பதே வல்லுநர்கள் பெரும்பாலோரின் கணிப்பு.

பதினெட்டு வயது இளைஞர் அந்தக் கணிப்புக்கு உடன்படவில்லை. அவசரப்படாமல், ஆபத்தைத் தேடாமல், எதிராளியை மேலும் மேலும் யோசிக்க வைக்கும் நகர்த்தல்களைச் செய்துகொண்டே இருந்தார். களைத்திருந்த டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அடுத்த சில நகர்த்தல்களில் ஆட்டமும் உலகப் பட்டமும் குகேஷ் வசமாயின. அதே போட்டியின் 6-ஆவது ஆட்டத்திலும், ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப அடைந்து சமன் செய்துகொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. தம் நிலை சற்றே பின்தங்கியிருந்தபோதும் அவர் அதைத் தவிர்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

செஸ் விளையாட்டில் டிரா கோருவதற்கு ஒரு முறை உண்டு. தம் காயை நகர்த்திய பின்னர், கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்பு எதிராளியிடம் அதைக் கோர வேண்டும். எதிராளி சம்மதிக்கலாம், வாய்திறந்து மறுக்கலாம், எதுவும் பேசாமல் தம் அடுத்த காயை நகர்த்தலாம். அவ்வாறு நகர்த்திய கணமே சமனுக்கான வேண்டுகோள் காலாவதியாகிவிடும். மறுப்புக்குச் சொல் தேவையில்லை. அடுத்த நகர்த்தலே மறுப்பு.

சமனை மறுப்பது எப்போதும் வெற்றியில் முடிவதில்லை. 1910-ஆம் ஆண்டு வியன்னாவிலும் பெர்லினிலும் நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியில் ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்லெக்டர், அன்றைய சாம்பியன் இமானுவேல் லாஸ்கரைவிட ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தார். எஞ்சியிருந்தது ஓர் ஆட்டம் மட்டுமே. எளிதில் சமன் செய்துகொள்பவர் என்று பெயர் பெற்றிருந்த அந்த மென்மையான மனிதர், அன்று வெற்றிக்காக ஆடினார், தோற்றார். போட்டி 5-5 என்று முடிந்து, பட்டம் லாஸ்கரிடமே தங்கியது. அவர் ஏன் அப்படி ஆடினார் என்பது குறித்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் விவாதம் ஓயவில்லை.

ஷ்லெக்டர் பெர்லினில் ஆடிக்கொண்டிருந்த அதே 1910-இல், தமிழ்நாட்டுச் சிறையொன்றில் 25 வயது இளைஞர் ஒருவர் கடுங்காவல் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தார். அவர் செஸ் ஆட்டக்காரராக அறியப்பட்டவர் அல்லர். ஆனால், சமனை ஏற்றுக்கொண்டு எழுந்து போகும் வாய்ப்பு வாழ்க்கையில் மீண்டும் மீண்டும் வந்தபோதும், ஒவ்வொரு முறையும் அடுத்த நகர்த்தலைச் செய்தவர். அவருடைய கடைசி நகர்த்தல் தருமபுரி மாவட்டத்தில், பாப்பாரப்பட்டியில் நிகழ்ந்தது. அவர் சுப்பிரமணிய சிவா.

மதுரைக்கு அருகேயுள்ள வத்தலகுண்டில் 1884 அக்டோபர் 4-ஆம் தேதி பிறந்தவர் சிவா. தந்தை ராஜம் அய்யர், தாய் நாகம்மாள். பின்னாளில் பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா போன்ற எழுத்தாளர்களைத் தமிழுக்குத் தந்த ஊர் அது. சிவாவின் குடும்பத்தை வறுமை சூழ்ந்திருந்தது. மதுரையில் தொடங்கிய படிப்பு, இலவச உணவு கிடைக்கும் என்ற காரணத்தால் திருவனந்தபுரத்துக்கு நகர்ந்தது. சிவகாசியில் கிடைத்த அரசு வேலையில் அவர் நிலைக்கவில்லை. இளம் வயதிலேயே மீனாட்சி அம்மையாருடன் திருமணமும் நடந்துவிட்டது.

வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சி 1905-இல் நாடெங்கும் பரவியபோது சிவாவுக்கு வயது 21. திருவனந்தபுரத்தில் தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் தோற்றுவித்து, இளைஞர்களைக் கூட்டி நாட்டு விடுதலை குறித்துப் பேசத் தொடங்கினார். சமஸ்தான அரசு அவரைத் திருவிதாங்கூரிலிருந்து வெளியேற்றியது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்து தூத்துக்குடியை வந்தடைந்தார். கையில் பணமில்லை, தங்குவதற்கு இடமில்லை. அங்கு அவருக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்டவர் வ.உ. சிதம்பரனார்.

வ.உ.சி. அப்போது சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் போட்டியையும் அரசு அதிகாரிகளின் பகையையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டிய காலம் அது. சிவாவின் வரவு அவருக்குப் பெரும் துணையாயிற்று. கற்றவர்களின் கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேசப்பட்ட அரசியலை, கடற்கரை மணலில் அமர்ந்திருந்த கூலித் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் சொல்லும் ஆற்றல் சிவாவிடம் இருந்தது.

அந்த ஆற்றல் உடனே சோதனைக்கு உள்ளானது. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், ஓய்வு நாள் இல்லாமை ஆகியவை அவர்களுடைய குறைகள். வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப அய்யங்காரும் அவர்களுக்குத் தலைமை ஏற்றனர். வேலையின்றி நின்ற குடும்பங்களுக்கு ஊரார் உதவினர். பத்து நாள்களுக்குள் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது; கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க கால வெற்றிகளுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது.

முதல் சமன் வேண்டுகோள் அதன் பிறகே வந்தது. வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட 1908 மார்ச் மாதம் ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சிகளை மாவட்ட நிர்வாகம் விரும்பவில்லை. ஆட்சியர் விஞ்ச் மூவரையும் திருநெல்வேலிக்கு அழைத்தார். மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும், அரசியலில் ஈடுபடுவதில்லை என்று பிணை எழுதித் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். இவற்றை ஏற்றுக்கொண்டால் வழக்கில்லை, சிறையில்லை.

இதில் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. நல்ல நிலையில் இருப்பவர் பெரும்பாலும் டிரா கோருவதில்லை என்பது செஸ் ஆடுவோருக்குத் தெரியும். ஆட்டம் தொடர்ந்தால் தமக்கு இழப்பு நேரலாம் என்று அஞ்சுபவரே கையை நீட்டுவார். அரசின் கையில் காவலர்களும் நீதிமன்றமும் சிறையும் இருந்தன. எதிரே இருந்தவர்கள் ஒரு வழக்குரைஞர், ஒரு பரதேசி, ஒரு பேச்சாளர். அவ்வாறிருந்தும் அரசு உடன்பாடு கோரியது எனில், ஆலைத் தொழிலாளியும் அரசியல்வாதியும் ஒரே அணியில் நின்ற அந்தப் பத்து நாள்களின் காட்சி அதனை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்! நீட்டப்பட்ட கை வலிமையின் அடையாளமன்று என்பதை மூவரும் உணர்ந்திருந்தனர். பிணை எழுதித் தர மறுத்தனர். மார்ச் 12-ஆம் தேதி கைதாயினர்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச்சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். சிறையிலிருந்தபோது தமக்குப் பிணையில் வெளிவரும் வாய்ப்புக் கிடைத்தும், சிவாவையும் பத்மநாபரையும் விட்டுவிட்டு வெளியேற வ.உ.சி. இசையவில்லை என்று அவர் வரலாறு கூறுகிறது. சமனை மறுக்கும் துணிவு அந்த அணியில் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசு நிந்தனைப் பேச்சுக்காக சிவாவுக்கு 10 ஆண்டு தீவாந்தர தண்டனை. வ.உ.சி.க்கு அவர் பேசியதற்காக 20 ஆண்டு, சிவாவுக்கு இடமும் ஆதரவும் தந்ததற்காக மேலும் 20 ஆண்டு. ஓர் ஏழைப் பேச்சாளருக்கு வீட்டில் இடம் தந்ததற்கு, அந்தப் பேச்சாளர் பெற்றதைப்போல் இரு மடங்கு தண்டனை! மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் சிவாவின் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது.

அந்த ஆண்டுகள் திருச்சி, சேலம் சிறைகளில் கழிந்தன. ஆட்டு மயிரைச் சுண்ணாம்பு இட்டுச் சுத்தம் செய்யும் வேலை அவருக்குத் தரப்பட்டது. சிறையில்தான் அவரைத் தொழுநோய் பற்றியது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். அந்நோய்க்கு அன்று பயனுள்ள மருந்து ஏதுமில்லை. அதைக் கட்டுப்படுத்தும் முதல் மருந்துகள் பயன்பாட்டுக்கு வர 1940-களாயிற்று. ஆகவே 1912 நவம்பர் 2-ஆம் தேதி சிறைக்கதவு திறந்தபோது, 28 வயது சிவாவுக்குக் கிடைத்தது முழு விடுதலையன்று. சிறையை அவர் தம் உடலிலேயே சுமந்துகொண்டு வெளியே வந்தார்.

இரண்டாவது சமன் வேண்டுகோள் இதுவே. இம்முறை எவரும் நிபந்தனை விதிக்கவில்லை. எழுதித் தரவும் சொல்லவில்லை. சூழ்நிலையே அதை முன்வைத்தது. சுதேசிக் கப்பல் கம்பெனி மறைந்துவிட்டது. வ.உ.சி. சிறையிலிருந்து வெளிவந்து வறுமையுடன் போராடினார். பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். தூத்துக்குடியில் திரண்ட கூட்டம் கலைந்து போயிருந்தது. நோயுற்ற ஒருவர், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று மனைவியுடன் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். தியாகி என்ற பெயரும் குறைந்திருக்காது.

சிவா சென்னைக்குச் சென்று மயிலாப்பூரில் குடியேறினார். 1913-இல் 'ஞானபாநு' என்ற மாத இதழைத் தொடங்கினார். பாரதியாரின் சின்னச் சங்கரன் கதை வெளிவந்தது அந்த இதழில்தான். மேடையில் பேசுவதற்கு வழியில்லாத காலத்தில் எழுத்து அவருடைய அடுத்த நகர்த்தலாயிற்று. பிறமொழிக் கலப்பில்லாத தமிழில் எழுதுவோருக்குப் பரிசு அறிவித்து, தமிழ்நடை குறித்த ஒரு விவாதத்தையும் அவ்விதழ் வழியே அவர் எழுப்பினார். பின்னர் 'பிரபஞ்சமித்திரன்' இதழை நடத்தினார். ராமாநுஜ விஜயம், மத்வ விஜயம் போன்ற நூல்களும் அவர் எழுதியவை. இதழ்கள் நட்டத்தில் நின்றன. ஒன்று நின்றால் அவர் மற்றொன்றைத் தொடங்கினார்.

இந்த வாழ்க்கையின் விலையை அவர் மட்டும் செலுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவர் சிறையிலிருந்த ஆண்டுகளிலும், அதன் பின்னர் வறுமையிலும் நோயிலும் உழன்ற ஆண்டுகளிலும் மீனாட்சி அம்மையார் பட்ட துன்பங்களுக்குப் பெரிய பதிவுகள் இல்லை. 1915-இல் அவர் காலமானார். செஸ் பலகையில் சமனை மறுப்பவர் இழக்கக்கூடியது தமது அரைப் புள்ளியை மட்டுமே. வாழ்க்கையில் சமனை மறுப்பவரின் அருகே, ஆட்டத்தில் அமராதவர்களும் பணயமாக நிற்கிறார்கள். சிவாவின் வீரத்தைப் போற்றும்போது இந்தக் கணக்கையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

முதல் உலகப் போர் முடிந்து நாட்டில் மீண்டும் அரசியல் அலை எழுந்தபோது, சிவா முன்னைவிடப் பலவீனமான உடலுடன் முன்னைவிட வேகமாகச் சுற்றினார். சென்னையில் டிராம் தொழிலாளர்களின் போராட்டத்தில் அவர்களுடன் நின்றார். கோரல் ஆலையில் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. தொழிலாளியின் கூலியும் நாட்டின் விடுதலையும் வெவ்வேறு பலகைகளில் ஆடப்படும் ஆட்டங்கள் அல்ல என்பது அவர் கொண்டிருந்த உறுதி. 1921-இல் காவி உடுத்துத் துறவு மேற்கொண்டார். அப்போது அவர் ஏற்றுக்கொண்ட பெயர் சுதந்திரானந்தர். துறவிலும் விடுதலையை விடாத பெயர்.

அந்த ஆண்டின் இறுதியில் மீண்டும் சிறை. நோய் முற்றியிருந்ததால் தண்டனைக் காலம் முழுவதும் கழிவதற்கு முன்பே அவர் வெளியே அனுப்பப்பட்டார். இனி இந்த மனிதரால் தீங்கில்லை என்று அதிகாரிகள் கருதியிருக்கக்கூடும். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது. ஆனால் அவர் உடலைக் கண்டு விலகியோரும் இருந்தனர். தொழுநோயாளிகள் ரயிலில் பயணம் செய்வதற்கு இருந்த தடை, அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. பேச்சாளர் ஒருவரின் வாயை அடைக்கச் சட்டத்தால் முடியாதபோது, அவர் கால்களைக் கட்ட நோய் உதவியது.

மூன்றாவது சமன் வேண்டுகோள் இதுதான். மூன்றிலும் மறுப்பதற்கு மிகக் கடினமானதும் இதுவே. ஆட்சியர் விஞ்ச் நீட்டிய கையைத் தட்டிவிட ஆத்திரமே போதும். சொந்த உடல் நீட்டும் கையை ஆத்திரத்தால் தட்டிவிட இயலாது. அழுகும் விரல்கள் ஒவ்வொரு நாளும் ஓய்வைக் கோருகின்றன. அதை மறுக்க வேண்டுமானால் ஒவ்வொரு நாளும் புதிதாக மறுக்க வேண்டும். ரயிலில் ஏற அனுமதியில்லை என்றதும் சிவா மாட்டு வண்டியில் சென்றார். வண்டி கிடைக்காத இடங்களில் நடந்தார். புண்பட்ட கால்களுடன் மாவட்டம் மாவட்டமாக அவர் சென்ற பயணங்கள், அவர் வாழ்வில் எந்தச் சொற்பொழிவையும்விட உரத்த குரலில் பேசின.

இந்தக் கட்டத்தில்தான் பாப்பாரப்பட்டி அவர் வாழ்வில் நுழைகிறது. இன்றைய தருமபுரி மாவட்டம் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. எந்தச் சேலம் மாவட்டத்துச் சிறை அவரை அடைத்து வைத்திருந்ததோ, அதே மாவட்டத்தின் வடபகுதிக் கிராமம் ஒன்று அவருக்கு இடம் கொடுத்தது. மழையை நம்பிக் கேழ்வரகு விளைவிக்கும் மேட்டு நிலப்பகுதி அது. பெரிய நகரங்களில் அவர் அருகே அமரத் தயங்கியவர்கள் இருந்த காலத்தில், பாப்பாரப்பட்டியில் சின்னமுத்து முதலியார் போன்ற அன்பர்கள் அவருக்குத் துணை நின்றனர். அங்கு வாங்கப்பட்ட நிலத்துக்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, பாரத ஆசிரமத்தை நிறுவினார் சிவா.

அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவர் கொண்ட இறுதித் திட்டம். சாதி, மதம் என்ற வேறுபாடின்றி அனைவரும் வந்து வணங்கும் இடமாக அது அமைய வேண்டும் என்று விரும்பினார். கோயில்களுக்குள் நுழையவே பெருந்திரளான மக்களுக்கு உரிமையில்லாத காலம் அது. தமிழகத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது 1939-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் திட்டத்தின் பொருள் விளங்கும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்படுவது எத்தகையது என்பதை நோயின் வழியே உணர்ந்த ஒருவர், எவரையும் ஒதுக்காத ஒரு வாசலைக் கட்ட முனைந்தார்.

1923-இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் பாப்பாரப்பட்டிக்கு வந்து அந்தக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அவர் அப்போது சுயராஜ்யக் கட்சியின் தலைவர், நாடறிந்த வழக்குரைஞர். பெரிய நகரம் எதுவும் அருகில் இல்லாத ஒரு சிற்றூருக்கு அத்தகைய தலைவர் வந்தார் என்றால், நோயுற்ற அந்தத் துறவியின் பெயருக்கு அன்றைய இந்தியாவில் இருந்த மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அடிக்கல் நாட்டப்பட்டது; கட்டடம் எழவில்லை. பணமில்லை. கோயிலுக்கு நிதி திரட்டும் பயணங்களாகவே சிவாவின் கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1925-ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் வ.வே.சு. அய்யர் பாபநாசம் அருவியில் மறைந்தார். அதே மாதம் 16-ஆம் தேதி சித்தரஞ்சன் தாஸ் டார்ஜிலிங்கில் காலமானார். அடுத்த மாதம், ஜூலை 23-ஆம் தேதி, பாப்பாரப்பட்டி ஆசிரமத்தில் சுப்பிரமணிய சிவாவின் உயிர் பிரிந்தது. அவருக்கு 41 வயது நிறையவில்லை. நாடு விடுதலை பெற மேலும் 22 ஆண்டுகள் இருந்தன.

அப்படியானால், சமனை மறுத்து அவர் பெற்றது என்ன? ஆட்ட முடிவை மட்டும் பார்த்தால், ஷ்லெக்டரைப் போலத் தோற்றவர்களின் பட்டியலில்தான் அவரைச் சேர்க்க வேண்டும். தொடங்கிய இதழ்கள் நின்றுபோயின. தொண்டர்களை உருவாக்க நினைத்த ஆசிரமம் வளரவில்லை. கோயில் அடிக்கல்லோடு நின்றது. கனவு கண்ட விடுதலையை அவர் காணவில்லை. பிணை எழுதித் தந்திருந்தால் நோயின்றி நீண்ட காலம் வாழ்ந்து, இன்னும் அதிகமாகச் செய்திருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. 1908 மார்ச் மாதம் கேட்கப்பட்டது மூன்று மனிதர்களின் கையெழுத்து மட்டுமன்று. அவர்கள் கையெழுத்திட்டிருந்தால், அவர்களை நம்பி ஆலை வாசலில் நின்ற தொழிலாளர்களின் போராட்டமும் அத்துடன் சமன் செய்யப்பட்டதாக ஆகியிருக்கும். தலைவர்களை ஊரை விட்டு அனுப்பிவிட்டால் ஊர் அடங்கிவிடும் என்று நிர்வாகத்துக்கு உறுதிப்பட்டிருக்கும். பிறருக்குச் சொந்தமான ஆட்டத்தைத் தம் நலத்துக்காகச் சமன் செய்துகொள்ள ஒருவருக்கு உரிமையில்லை. சிவாவின் மறுப்புக்கு இதுவே அடிப்படை. அது பிடிவாதத்திலிருந்து வேறுபடுவதும் இந்த இடத்தில்தான்.

எல்லா உடன்பாடுகளும் தாழ்வானவை என்று இதற்குப் பொருளில்லை. கோரல் ஆலைப் போராட்டமே ஓர் உடன்பாட்டில்தான் முடிந்தது. தொழிலாளர்கள் கேட்டதற்கு நிர்வாகம் இசைந்தபோது, வ.உ.சி.யும் சிவாவும் அவர்களை வேலைக்குத் திரும்பச் செய்தனர். எதைப் பெற்றுக்கொண்டு எழுவது, எதைப் பெறாமல் எழக்கூடாது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு உடன்பாட்டை ஏற்றவர்களே, மறுவாரம் பிணைப் பத்திரத்தை மறுத்தனர். இரண்டும் ஒரே அறிவின் இரு முடிவுகள்.

அந்த அறிவு இன்றும் தேவைப்படுகிறது. நிலத்துக்குரிய இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படியேறும் விவசாயியிடமும், நிலுவைக் கூலிக்காகக் காத்திருக்கும் தொழிலாளியிடமும், அநீதியை வெளியே சொல்லத் துணிந்த பெண்ணிடமும் சமன் வேண்டுகோளுடன் எவரோ வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏற்பதா, மறுப்பதா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து வீரம் போதிப்பது எளிது. ஆனால், முடிவெடுக்கும் முன்னர் கேட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு கேள்விகளை சிவாவின் வாழ்க்கை தருகிறது. இந்த வேண்டுகோள் இப்போது ஏன் வருகிறது? நான் எழுந்து சென்றால் எனக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு என்ன ஆகும்?

1961-இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தில் டி.கே. சண்முகம் சிவாவாக நடித்தார். பல தலைமுறைகளுக்கு சிவா என்றால் அந்தத் திரை உருவமே நினைவுக்கு வருகிறது. கப்பல், சிறை, செக்கு என்று வ.உ.சி.யின் வரலாற்றோடு சிவாவின் கதையையும் முடித்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. 1912-க்குப் பிந்தைய 13 ஆண்டுகள், குறிப்பாகப் பாப்பாரப்பட்டி ஆண்டுகள், அதிகம் பேசப்படுவதில்லை. உண்மையில் அவருடைய பெருமை அந்த ஆண்டுகளில்தான் முழுமை பெறுகிறது. கூட்டம் ஆரவாரம் செய்யும்போது சமனை மறுக்கப் பலரால் முடியும். கூட்டம் கலைந்த பின்னர், தனியே, நோயுடன், மறுப்பது அரிது.

பாப்பாரப்பட்டியில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் மறைந்து ஒரு நூற்றாண்டை எட்டும் தறுவாயில், அரசின் முயற்சியால் அங்கு பாரத மாதா நினைவாலயமும் எழுப்பப்பட்டுள்ளது. ஒகேனக்கல்லுக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேர் வழியில் அங்கு இறங்கிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. தருமபுரி மாவட்டப் பள்ளி மாணவர்களாவது ஆண்டுக்கு ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லப்பட வேண்டும்; தங்கள் மண்ணில் முடிந்த ஒரு வாழ்க்கையைப் பாடநூலின் இரண்டு வரிகளுக்கு அப்பால் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

சிவாவின் காலத்து செஸ் போட்டிகளில், குறித்த நேரத்துக்குள் முடியாத ஆட்டத்தை ஒத்திவைக்கும் வழக்கம் இருந்தது. ஆட வேண்டியவர் தம் அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் ஒப்படைப்பார். ஆட்டம் மீண்டும் தொடங்கும் நாளில் அந்த உறை பிரிக்கப்படும். 1923-இல் நடப்பட்ட அடிக்கல் அத்தகையதோர் உறை. அதைப் பிரித்துக் கட்டடத்தை எழுப்பிவிட்டோம். எவரையும் விலக்காத வாசல் என்று அதனுள் அவர் எழுதி வைத்த நகர்த்தலை ஆடுவது மட்டும் மீதமிருக்கிறது.